பிடியரிசி

மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி உயரம். எங்கள் விளையில் நின்று பார்த்தால் பனந்தலைகளுக்கு மேலே அதன் நுனி மட்டும் தெரியும். எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்கும் உடன்குடிக்கும் இடையில், தேரியை ஒட்டிக் கிடந்தது. நடந்தால் கணுக்கால் புதையும் செம்மணல். சித்திரை மாதம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு பனை நிழலிலிருந்து அடுத்த பனை நிழலுக்கு ஓடி, கொஞ்சம் நின்று காலை ஆற்றிக்கொண்டு, மறுபடியும் ஓடுவோம். காற்றடி காலத்தில் மணல் பறந்து வந்து சோற்றிலும் விழும், பாயிலும் விழும்.

பங்குனியில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் பனையில் வேலை. விடியுமுன்னே ஆண்கள் தளைநாரும் முருக்குத்தடியுமாகக் கிளம்பிவிடுவார்கள். பெண்கள் விடிலியில் பதனீர் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவார்கள். மீதி மாதங்களுக்குக் கிழங்கு, ஓலைப்பெட்டி முடைவது, நார் உரிப்பது, உடன்குடிக் கடையில் அடுத்த பருவத்துக் கருப்பட்டியைச் சொல்லி முன்பணம் வாங்குவது. முன்பணம் வாங்காத வீடு ஊரில் குறைவு. அப்படிப்பட்ட ஊர் எத்தனை காரியங்களுக்குக் கொடுத்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. வாரக் காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை, பொருத்தனை, அறுப்பின் பண்டிகை, அசனம். இவை எல்லாவற்றுக்கும் அடியில், யார் கண்ணிலும் படாமல், தினமும் நடந்துகொண்டிருந்தது பிடியரிசி.

எங்கள் ஆச்சியின் அடுப்படி தாழ்ந்த ஓலைக்கூரை. உள்ளே போகும்போது குனிய வேண்டும். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கலயம் இருக்கும். பதனீர் இறக்கி இறக்கி உள்ளே சுண்ணாம்பு ஏறிப்போன பழைய கலயம், கழுவிக் காயவைத்தது. அதன் வாயை ஒரு சிரட்டை மூடியிருக்கும். உலை கொதிக்கும்போது ஆச்சி உழக்கால் அளந்து சுளகில் அரிசியைப் போடுவாள், கல் பொறுக்குவாள், புடைப்பாள். அப்புறம் வலது கையால் ஒரு பிடி அள்ளுவாள். அள்ளின கை ஒரு நொடி அப்படியே நிற்கும். உதடு அசையும். சிரட்டையைத் தூக்கிக் கலயத்துக்குள் விட்டுவிட்டு மூடுவாள். மீதி அரிசிதான் உலைக்குப் போகும்.

இதில் ஆச்சிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பிடியை உலைக்கு அளந்த அரிசியிலிருந்துதான் எடுக்க வேண்டும், பானையிலிருந்து எடுக்கக் கூடாது. சின்ன வயதில் எனக்கு இது விளங்கவில்லை. பானையிலும் அதே அரிசிதானே? அம்மா ஒருநாள் அவசரத்தில் பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டபோது ஆச்சி சொன்னாள்: “அது நாளைக்குள்ள அரிசி தாயி. இன்னைக்கு நம்ம தட்டுல கொறையணும்.” கொடுத்தது வயிற்றுக்குத் தெரிய வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒரு பிடி அரிசி குறைந்தால் எட்டுப் பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு வாய் குறையும். அந்த ஒரு வாய்தான் காணிக்கை.

அரிசியே எல்லா நாளும் கிடையாது. கம்பங்கஞ்சி நாள்களில் கலயத்துக்குள் கம்பு போகும். ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்து வீட்டில் உழக்குக் கணக்கில் அரிசி கடன் வாங்குவது சாதாரணம். அந்தக் கடன் அரிசியிலும் ஆச்சி பிடி எடுத்தாள். அம்மாவுக்குத் தாங்கவில்லை. “அத்தே, கடன் வாங்குன அரிசியிலயுமா?” என்று கேட்டாள். ஆச்சி கையை நிறுத்தவில்லை. “கடன் கொடுக்க ஒரு வீடு பக்கத்துல இருக்குல்லா? அதுக்கு நன்றி சொல்ல வேண்டாமா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகும்போது கலயத்து அரிசியைச் சின்ன ஓலைக்கொட்டானில் கட்டிக்கொண்டு போவோம். கோயில் வாசலில் உபதேசியார் வீட்டு அம்மா ஒரு பெரிய பனையோலைப் பெட்டியோடு இருப்பார்கள். ஒவ்வொரு பெண்ணும் குனிந்து கொட்டிவிட்டு வெறுங்கொட்டானோடு உள்ளே போவாள். புழுங்கல், பச்சை, சிவப்பரிசி, குருணை, கம்பு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். யார் வீட்டு அரிசி எது என்று சொல்ல முடியாது. எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை, நோட்டில் யார் பேரும் ஏறுவதில்லை. ஆராதனை முடிந்ததும் அந்தக் கலப்பரிசியை மலிவு விலைக்குக் கொடுப்பார்கள். இல்லாத வீட்டுக்காரர்கள் வாங்குவார்கள். அது ஒரே சீராக வேகாது, பாதி குழைந்து பாதி விறைத்து நிற்கும். நாங்களும் வாங்கித் தின்றிருக்கிறோம்.

அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்டால் ஆச்சி “தோர்ணக்கல்லுக்கு” என்பாள். அது எங்கே இருக்கிறது என்றால் “நைசாம் தேசத்துல” என்பாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. நைசாம் போய், தேசமே மாறின பிறகும் அவளுக்கு அது நைசாம் தேசம்தான்.

இதன் பின்கதையை நான் பெரியவனான பிறகு சிறிது சிறிதாகத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊருக்கு எட்டின தூரத்தில் இருக்கிறது வெள்ளாளன்விளை. அங்கே ஒரு குருவானவரின் மகனாக 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வாலிபர் சங்க வேலையாக 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கேயிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து, கடல் தாண்டித் தமிழ்நாட்டில் ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். அது அவர் மனதைத் தைத்தது. நூறு வருஷமாகத் திருநெல்வேலிச் சபைகள் சீமையிலிருந்து வந்த பணத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் கண்டவை. நாம் யாருக்கு என்ன அனுப்பினோம் என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உண்டானது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது அதன் ஏற்பாடு. வெளிநாட்டுப் பணம் ஒரு காசு வேண்டாம். வேலைக்குத் தேர்ந்துகொண்ட இடம் ஐதராபாத் நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல், தெலுங்கு பேசும் சீமை. அசரியா தாமே 1909-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1912-ல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

‘நம் பணம்’ என்று எழுதிவிடுவது எளிது. அந்தப் பணம் எங்கேயிருந்து வரும்? பனையேறிகளிடமும் சிறு விவசாயிகளிடமும் பணம் இருந்ததில்லை. இருந்தது அடுப்படியில், பெண்கள் கையில், பிடிபிடியாக. அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். ஆச்சி கண்ணால் காணாத தேசத்துக்கு அனுப்பினாள் என்றால், அவளுக்கும் கண்ணால் காணாத தேசத்திலிருந்து வந்திருந்தது என்பதுதான் காரணம். அதை அவள் நன்றாக அறிந்திருந்தாள்.

ராத்திரி ஜெபம் முடிந்ததும் தாத்தா ஊர்ப் பேர்களின் கதை சொல்வார். எங்கள் பக்கத்து ஊர்கள் பாதி, யாரோ கொடுத்து உண்டானவை. 1799-ல் டேவிட் சுந்தரானந்தம் முன்நின்று, அடிபட்டும் வீடிழந்தும் ஓடிவந்த விசுவாசிகளைக் குடியேற்றின இடம் முதலூர். சாயர்புரம், சாமுவேல் சாயர் என்ற வியாபாரி நிலம் வாங்கிக் கொடுத்து உண்டானது. டோனாவூருக்கு அந்தப் பேர் வந்தது, கோயில் கட்டப் பணம் அனுப்பின பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவால். இந்த மண்ணைக் கண்ணால் காணாமலே அவர் அனுப்பினார். பாளையங்கோட்டையிலிருந்த ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, துரத்தப்பட்டவர்களுக்கு நிலமும் வீட்டு மனையும் வாங்கச் செய்தார். மெஞ்ஞானபுரத்தில் வேல்ஸ் தேசத்து ஜான் தாமஸ் ஐயர் கிணறுகள் வெட்டி மணற்காட்டைப் பச்சையாக்கினார். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கின கோயில் 1880-ல்தான் முடிந்தது. தாத்தா இவற்றைச் சொல்லும்போது வரலாறு சொல்வதுபோல் இருக்காது. சொந்த வீட்டுக் கடனைச் சொல்வதுபோல் இருக்கும். கொடுத்தவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள், அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது, அடுத்த ஆளுக்குத்தான் கொடுக்க முடியும் என்பார்.

தாத்தாவின் காணிக்கை வேறு மாதிரி. பனை ஏறுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு சங்கடமான நாள். பாளையைத் தினமும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் ஊறல் அடைத்துப்போகும். ஓய்வுநாளில் வேலை செய்யலாமா என்று சபைகளில் பெரிய பேச்சே நடந்ததுண்டு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். பனை ஏறலாம், ஆனால் அன்றைக்கு இறக்கின காலைப் பதனீரைக் காய்ச்சவும் கூடாது, விற்கவும் கூடாது. முதல் மணி அடிக்குமுன் அவரவர் இறக்கினதைக் கொண்டுவந்து கோயில் வாசல் வேப்பமரத்தடியில் பானைகளில் ஊற்றிவிடுவார்கள். பக்கத்தில் குருத்தோலை கிடக்கும். வேண்டியவர்கள் பட்டை கட்டிக் குடிக்கலாம்.

வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போகிறவர்கள் அந்த வழியாக நடந்து வருவார்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் காவடி, வெறுங்கால். ராத்திரி முழுக்க மணலில் நடந்து வந்த களைப்போடு வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். உள்ளே நாங்கள் கீர்த்தனை பாடிக்கொண்டிருப்போம். வெளியே கோயில்பிள்ளை அவர்களுக்குப் பதனீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஒரு பட்டை குடித்ததும் ‘இன்னொன்னு ஊத்தும் அண்ணாச்சி’ என்று கேட்கும் குரல் சன்னல் வழியாக உள்ளே வரும். புதிதாக வந்திருந்த ஒருவர் சபைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தாராம். கோயில் வாசலில் வைத்து முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கலாமா என்று. தாத்தா அதிகம் பேசுகிறவர் இல்லை. “மழை ஆளு பாத்தா பெய்யுது? அவுக வெயில்ல நடந்து வாராவ. நம்ம கிட்ட பயினி இருக்கு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பேச்சு அத்தோடு முடிந்தது. மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்ன காரியம்தான் அது. தாத்தாவுக்கு அதிகாரமும் வசனமும் எண் வாரியாகத் தெரிந்திருக்காது.

சத்தமாகக் கொடுப்பதும் எங்கள் ஊரில் இருந்தது. அறுப்பின் பண்டிகை அன்று கோயில் பலிபீடத்துக்கு முன்னால் இடமே இருக்காது. வாழைத்தார், தேங்காய்க் குலை, பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிக் கொட்டான், பாய், பெட்டி, கால் கட்டின சேவல், வெளியே வேலியில் கட்டின ஆட்டுக்குட்டி. ஜெபம் முடிந்ததும் எல்லாம் வெளியே பந்தலுக்கு வரும். உபதேசியார் மேசைமேல் ஏறி நின்று ஏலம் விடுவார். மும்பையிலும் சென்னையிலும் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சிமார் அந்த வாரம் ஊருக்கு வந்திருப்பார்கள். ஒருவர் கேட்க அடுத்தவர் ஏற்ற, ஒரு முருங்கைக்கட்டு சந்தை விலைக்குப் பத்து மடங்குக்குப் போகும். அதில் ஊர்ப் பெருமை இருந்தது, குடும்பப் போட்டி இருந்தது. ‘வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது’ என்று பிரசங்கம் கேட்டுவிட்டு வந்த அரை மணி நேரத்தில் இது நடக்கும். இதை வேண்டாம் என்று சொன்ன ஐயர்மாரும் உண்டு. எனக்குப் பிடியரிசிதான் பெரிது. ஆனாலும் ஏலத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதற்குக் காரணம் ஒரு முட்டை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியம்மா தனியாக இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை, ஒரே ஒரு கோழி. அந்த வருஷம் அவர்கள் கொண்டுவந்தது ஒரு முட்டை. சாம்பல் துடைத்து, கொஞ்சம் தவிட்டில் வைத்து, சிரட்டைக்குள் கொண்டுவந்திருந்தார்கள். உபதேசியார் அதைத் தூக்கிக் காட்டி விலை கேட்டார். ஒருவர் எடுத்தார், காசைக் கொடுத்தார், முட்டையைத் திரும்ப மேசையில் வைத்தார். “மறுபடியும் ஏலம் விடும்.” அடுத்தவர் கூடுதலாக எடுத்தார். அவரும் திரும்ப வைத்தார். முட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. முதலில் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிட்டது. போட்டிக்குக் கேட்கிற குரல் போய், ஒவ்வொருவரும் எழுந்து வந்து தொகையைச் சொல்லிக் காசை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத இரண்டு பங்காளிகள், ஒருவர் வைத்த முட்டையை மற்றவர் எடுத்தார். அன்றைக்கு வாழைத்தார், ஆடு எல்லாவற்றையும்விட அதிகப் பணம் கொண்டுவந்தது அந்த முட்டைதான். பெரியம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தூணோரம் நின்றிருந்தார்கள். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி ஆலயத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவளை ஊரார் எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டினது அந்த ஏலம்.

ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளில் சின்னச் சீட்டு இருக்கும். ஐயர் வாசிப்பார்: மழை பெய்ததற்காக ஒரு குடும்பம், பரீட்சையில் தேறினதற்காக ஒரு வாலிபன், பனையிலிருந்து விழுந்தும் எலும்பு முறியாமல் காத்ததற்காக ஒரு சகோதரன். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்போம். ஊரின் ஒரு வருஷத்துச் சுகதுக்கம் எல்லாம் அந்தச் சீட்டுகளில் இருக்கும். தாத்தா ஒரு ஆனி மாதம் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சி என்னைக் கூப்பிட்டு ஒரு சீட்டு எழுதச் சொன்னாள். என்ன எழுதட்டும் என்றேன். “பனையில ஏறுனவுக, கட்டுல்ல படுத்துப் போய்ச் சேந்தாவ. அத்தன வருஷம் எறக்கி விட்டவருக்குன்னு எழுது” என்றாள். தினமும் மூன்று வேளை மரமேறுகிற மனிதன் ஒவ்வொரு முறை கீழே இறங்கினதையும் அவள் கணக்கு வைத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஐயர் அதை வாசிக்கும்போது கொஞ்சம் தடுமாறினார்.

அசனத்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பக்கத்துக் கோயிலைச் சொல்ல முடியாது. முந்தின நாள் சாயங்காலமே கோயிலுக்குப் பின்னால் வரிசையாக அடுப்பு வெட்டுவார்கள். பனைமட்டையும் பனந்தூரும் விறகு. அரிசி மூட்டை, ஆடு, காய்கறி, தேங்காய் எல்லாம் ஊரார் பொருத்தனை. பெண்கள் மசாலா அரைக்க, ஆண்கள் விடிய விடியச் சமைப்பார்கள். வெந்த சோற்றை அண்டாவோடு தூக்கி, விரித்த புதுப் பனையோலைப் பாயில் கவிழ்ப்பார்கள். அண்டா அண்டாவாகக் கொட்டக் கொட்டச் சோறு குன்றுபோல் எழும். அந்த ஆவியில் பச்சை ஓலையின் வாசனை சோற்றில் ஏறும். வேறு எங்கேயும் அந்தச் சோறு எனக்குக் கிடைத்ததில்லை. ஐயர் வந்து ஜெபம் பண்ணி முதல் அகப்பை எடுத்துக் கொடுப்பார். அதன் பிறகு பந்தி. மணலில்தான் உட்கார வேண்டும். இலை போட்டு, சோறு, கறிக்குழம்பு, பருப்பு, ரசம். உடன்குடியிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் வருவார்கள். பக்கத்து ஊர் இந்துக்கள் குடும்பத்தோடு வருவார்கள். வர முடியாத நோயாளிகளுக்கும் பிள்ளைப்பேற்றுக்காரிகளுக்கும் வாளியில் போகும். நீ யார், எந்தச் சபை, என்ன கொடுத்தாய் என்று பந்தியில் கேட்கக் கூடாது. பரிமாறுகிறவர்கள் ஊரில் வசதியானவர்கள். அவர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும்.

அந்தப் பந்தி எப்போதும் ஒரே பந்தியாக இருந்துவிடவில்லை. அப்பா சிறுவனாக இருந்தபோது பறையர் தெருவிலிருந்து வந்த விசுவாசிகள் தள்ளி உட்கார்ந்தார்கள் என்று அப்பாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். சாதிபார்த்து உண்பதை ரேனியஸ் காலத்திலேயே மிஷனெரிகள் எதிர்த்தார்கள். தன் மாணவர்களை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தவர் அவர். அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகும் எங்கள் ஊரில் இரண்டு பந்தி இருந்தது. ஒரு அசனத்தன்று சேகரத்துக்குப் புதிதாக வந்த குருவானவர் ஜெபம் முடிந்ததும் நேரே போய் அந்தத் தள்ளின வரிசையில் உட்கார்ந்து இலை போடச் சொன்னாராம். ஐயருக்குப் பரிமாறாமல் எப்படி? பரிமாறினார்கள். ஐயர் இருக்கும் இடம்தானே முதல் பந்தி? அடுத்தடுத்து ஆட்கள் வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் பார்த்த காலத்தில் ஒரே பந்தி. கல்யாணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் சாதி இன்னும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் அந்தச் சோற்றுக்கு உண்மையாக இருந்தவன் ஆக மாட்டேன்.

இப்போது ஊரில் பனையேறுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். பனைகள் செங்கல் சூளைக்குப் போயின. வேப்பமரத்தடிப் பானைகள் இல்லை. அசனத்துக்குச் சமையல்காரர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். வாசலில் கொடுத்தவர்கள் படத்தோடு பிளெக்ஸ் நிற்கிறது. காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் கியூ.ஆர். அட்டை ஒட்டியிருக்கிறார்கள். துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் அனுப்புகிறார்கள், நிறையவே அனுப்புகிறார்கள். கோயிலுக்குத் தரைக்கல் போட்டாகிவிட்டது. அனுப்புகிறவர்களின் மனதை நான் சந்தேகப்படவில்லை. பிடியரிசி மாதச் சந்தா உறையாக மாறினதில்தான் எனக்கு வருத்தம். உறையில் போகிற பணம் நாளைக்குள்ள அரிசி. அன்றன்றைய உலையில் அது குறைவதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வேலையாக வாரங்கல் பக்கம் போனவன், திரும்பும் வழியில் தோர்ணக்கல் சந்திப்பில் இறங்கினேன். அசரியா கட்டின பேராலயம் அங்கே நிற்கிறது. 1939-ல் பிரதிஷ்டை ஆனது. குவிமாடமும் தாமரைத் தூணுமாக, மசூதியும் இந்துக் கோயிலும் ஒன்றாய்க் கண்ணுக்கு வரும்படி கட்டியிருக்கிறார். மெஞ்ஞானபுரம் கோபுரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. நம் பிடியரிசியை வாங்கிக்கொண்டு போனவர்கள், அந்த மண்ணுக்கு ஏற்ற கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். கொடுத்தவர்களின் சாயல் அதன்மேல் விழவில்லை.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு கிராமத்துச் சபைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன். ஏழைக் கிராமம், மிளகாயும் பருத்தியும் பயிர். கோயில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து முந்தானையிலிருந்தும் சின்னப் பையிலிருந்தும் அரிசியைக் கொட்டிவிட்டு உள்ளே போனார்கள். அசரியா தம் சபைகளுக்கு முதல் நாளிலிருந்தே இதைப் பழக்கினார், ஏழை என்பதற்காகக் கொடுக்கும் உரிமையை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார் என்று படித்திருக்கிறேன். மக்கெதோனியா நாட்டுச் சபைகளைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினதும் இதுதான், கொடிய தரித்திரத்திலும் மனமகிழ்ந்து கொடுத்தவர்கள் என்று. படித்ததும் கேட்டதும் வேறு, வாளியில் அரிசி விழுகிற சத்தம் வேறு.

ஆராதனை முடிந்து ஒரு மூதாட்டி என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிடச் சொன்னார். அவர் மகன் அரைகுறைத் தமிழில் பேசினார், மீதி எனக்குத் தெரிந்த தெலுங்கில் நடந்தது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றதும் அந்த அம்மாவுக்கு அது எங்கே என்று தெரியவில்லை. அசரியா ஐயர் பிறந்த பக்கம் என்று மகன் விளக்கினார். “அப்படியா” என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தார். இந்த மாத அரிசிப் பணம் எதற்குப் போகிறது என்று கேட்டேன். காட்டுப்பக்கம் கோயா ஜனங்கள் இருக்கும் ஒரு கிராமத்தில் புதிதாக ஒரு சபை கூடுகிறதாம், மழைக்கு முன்னால் அவர்களுக்குக் கூரைத் தகடு வாங்கிவிட வேண்டும் என்றார். எத்தனை தகடு இன்னும் குறைகிறது என்று மகனிடம் கேட்டு விரலை மடக்கி எண்ணினார்.